கஞ்சா வேட்டையில் ரிசர்வ் படை

போதைப்பொருள் ஒழிப்பில் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் துணையாக வெளியிலிருந்து படை அனுப்பும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. அது எந்தப் படை என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்வது 'நேஷனல் கார்டு' என்னும் ராணுவ ரிசர்வ். அதில் பெரும்பாலோர் வேறு தொழில் பார்த்துக்கொண்டே மாதத்தில் சில நாள் சீருடை அணிபவர்கள். ஹவாய் மாநிலத்தில் 1977-இல் கஞ்சாத் தோட்டங்களை அழிக்கப் போன போலீசாரை அந்த மாநிலத்தின் படை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சென்றது. 1989-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே நிதி ஒதுக்க, மற்ற மாநிலங்களிலும் இந்தத் திட்டம் வேரூன்றியது. ஹெலிகாப்டர், இரவுப் பார்வைக் கருவி, தகவல்களைத் தொகுத்து ஆராயும் ஆட்கள் ஆகியவையே அப்படை தரும் உதவி. கைது செய்வதும் வழக்கு நடத்துவதும் போலீசாரின் பொறுப்பு.

இந்தியாவில் ராணுவத்துக்கு இதை ஒத்த ரிசர்வ் ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பிரதேச ராணுவம் அது. கோயம்புத்தூரில் அதன் பட்டாலியன் ஒன்று இருக்கிறது. போர், வெள்ளம், புயல் என்றால் அழைக்கப்படும் அந்தப் படை கஞ்சா சோதனைக்கு அனுப்பப்படுவதில்லை. அரசியல் சட்டத்தில் காவல்துறை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. கட்டுக்கடங்காத கூட்டத்தைக் கலைக்க ராணுவத்தை அழைக்கலாம் என்று குற்ற நடைமுறைச் சட்டத்தில் இருந்த பிரிவுகள், 2023-ஆம் ஆண்டுப் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கின்றன. அவை கலவரத்துக்கானவை, பொட்டலம் விற்பவனைப் பிடிப்பதற்கானவை அல்ல. எனவே இங்கே உள்ளூர்ப் போலீசுக்குத் துணை வருவது காவல்துறையின் சொந்த ரிசர்வ். அது எப்படி இயங்குகிறது, எங்கே பயன்படுகிறது, எங்கே நிற்க வேண்டும் என்பதைத் திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரியை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய முழுப் படமும் கிடைத்துவிடும்.

நாங்குநேரி வட்டாரத்தில் நாங்குநேரி, களக்காடு, ஏர்வாடி, மூன்றடைப்பு, விஜயநாராயணம் ஆகிய ஊர்களில் காவல் நிலையங்கள் இருக்கின்றன. மக்கள் பேச்சில் இவர்கள் 'ஸ்டேஷன் போலீஸ்' அல்லது 'தாலுகா போலீஸ்'. விபத்து, அடிதடி, நிலத்தகராறு, கோயில் கொடை, நீதிமன்ற சம்மன், சாதிப் பூசல் எல்லாம் இந்தச் சில பேரின் தலையில்தான். கஞ்சா சோதனைக்கு ஒரே இரவில் நான்கு இடத்தில் நிற்க வேண்டும் என்றால் ஸ்டேஷன் ஆட்களால் ஆகாது. அப்போதுதான் மூன்று வகைப் படைகள் வருகின்றன.

முதலாவது, மாவட்ட ஆயுதப்படை. 'ஏ.ஆர்.' என்றால்தான் ஊரில் புரியும். கைதிகளுக்கு வழிக்காவல், கருவூலத்துக்கும் முக்கிய இடங்களுக்கும் பாரா, துறை வாகனங்களின் பராமரிப்பு, பந்தோபஸ்து ஆகியவை இதன் அன்றாட வேலை. இரண்டாவது, தமிழ்நாடு சிறப்புக் காவல் படை. 1921-இல் ஆங்கிலேயர் அமைத்த மலபார் சிறப்புக் காவல் படையின் வழிவந்தது இது. அதன் 9-ஆவது, 12-ஆவது அணிகள் இதே மாவட்டத்தில் மணிமுத்தாறு அணைக்கட்டை ஒட்டி முகாமிட்டுள்ளன. 'மணிமுத்தாறு பட்டாலியன்' என்பது தென்மாவட்டங்களில் பழகிய பெயர். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகும் இளைஞர் முதலில் ஆயுதப்படையிலோ பட்டாலியனிலோதான் சேர்கிறார். ஸ்டேஷனுக்கு வருவது சில ஆண்டுகள் கழித்து. அதனால் சோதனைக்கு வரும் ஆயுதப்படைக் காவலருக்கு உடல்பலமும் ஒழுங்கும் கூடுதலாக இருக்கும். வழக்குப் பதிவதும் மகஜர் எழுதுவதும் பெரும்பாலும் அவர் கை படாத வேலை. பின்னால் வரும் சிக்கல்கள் பலவற்றுக்கு இதுவே வேர்.

மூன்றாவது, ஊர்க்காவல் படை. 1946-இல் பம்பாயில் தொடங்கி, 1962-இல் சீனப் போர்க் காலத்தில் நாடு முழுவதும் விரிவடைந்த தன்னார்வப் படை இது. தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1963-இல் வந்தது. ஆட்டோ ஓட்டுபவர், கடை வைத்திருப்பவர், கல்லூரி முடித்து வேலை தேடுபவர் என்று ஊரில் வாழும் ஆட்களே இதில் சேர்கிறார்கள். அழைத்த நாளுக்குப் படி பெறுகிறார்கள். அமெரிக்க நேஷனல் கார்டின் 'பகுதி நேரச் சீருடை' என்ற தன்மைக்கு இங்கே மிக அருகில் இருப்பது இந்தப் படைதான். எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு யார் நிற்பார்கள் என்பது மணிமுத்தாற்றிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. ஊர்க்காவல் படைக்காரருக்குத் தெரியும். ஆனால் விற்பவனுக்கும் அவரைத் தெரியும். சோதனை முடிந்து பட்டாலியன் வேன் கிளம்பிவிடும், அவர் மட்டும் மறுநாளும் அதே தெருவில் நடக்க வேண்டும். இதைக் கருதாமல் அவரை முன்வரிசையில் நிறுத்துவது சரியல்ல.

தென்மாவட்டங்களில் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி உள்ளூரில் விளைந்ததல்ல. ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில், பழைய விசாகப்பட்டினம் மாவட்டத்தின் ஏஜென்சிப் பகுதியிலும் மல்கான்கிரி, கோராபுட் மாவட்டங்களிலும் விளைந்து வருவது. மாவோயிஸ்டுகளின் செல்வாக்கு ஓங்கியிருந்த அந்த மலைகளுக்குள் சாதாரணப் போலீஸ் நுழைவது நெடுங்காலம் எளிதாக இல்லை. மத்திய ரிசர்வ் காவல் படையும் எல்லைப் பாதுகாப்புப் படையும் முகாம் அமைத்துச் சாலைகளைத் திறந்த பிறகே உள்ளூர்க் காவல்துறை தோட்டங்கள் வரை போக முடிந்தது. 2021-இன் இறுதியில் ஆந்திரப் போலீஸ் 'ஆபரேஷன் பரிவர்த்தனா' என்ற பெயரில் 7,000 ஏக்கருக்கு மேற்பட்ட கஞ்சாச் செடிகளை அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்து எரித்தது. ரிசர்வ் படையின் உதவி மிகத் தெளிவாகப் பலன் தந்த இடம் இது: படை பாதுகாப்பு தந்தது, சட்டப்படி செய்ய வேண்டியதைப் போலீஸ் செய்தது.

அங்கிருந்து சரக்கு ரயிலிலும் லாரியிலும் காரிலும் தெற்கே வருகிறது. காஷ்மீர்–கன்னியாகுமரி தேசிய நெடுஞ்சாலை 44 நாங்குநேரியை ஒட்டிச் செல்கிறது. திருநெல்வேலி–நாகர்கோவில் ரயில் பாதையும் இவ்வழியே போகிறது. மேற்கே களக்காடு, திருக்குறுங்குடி மலையடிவாரமும் அதற்கு அப்பால் புலிகள் காப்பகமும். கிழக்கே திசையன்விளையைத் தாண்டினால் உவரிக் கடற்கரை. ரயில்களில் சோதனையிட ரயில்வே பாதுகாப்புப் படைக்கு மத்திய அரசு தனி அதிகாரம் தந்திருக்கிறது. சாலைச் சோதனை மாவட்டக் காவல்துறையின் வேலை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறை 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்ற ஒரு மாத நடவடிக்கையைத் தொடங்கி, பின்னர் அதைப் பல சுற்றுகளாக நடத்தியது. 2022 ஆகஸ்ட் 11 அன்று மாநிலம் முழுக்கப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுத்தார்கள். இத்தகைய சுற்றுகளில்தான் ரிசர்வ் படையின் தேவை உச்சத்துக்குப் போகும்.

சாலையில் வேலை எப்படிப் பிரிகிறது? தகவல் வருவது ஸ்டேஷனுக்கோ தனிப்படைக்கோ. வண்டியை மறிக்கத் தடுப்பு வைப்பதும், தப்பி ஓடினால் துரத்துவதும், சோதனை நடக்கும்போது கூட்டம் சேராமல் சுற்றி நிற்பதும் ஆயுதப்படையின் வேலை. போக்குவரத்தைத் திருப்பி விடுவது ஊர்க்காவல் படை. வண்டிக்குள் கை வைப்பவர் மட்டும் அதிகாரம் பெற்ற அலுவலராக இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரிதான் வழக்கின் உயிர்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் கடுமையான சட்டங்களில் ஒன்று. கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறு அளவு; ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவலும் ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமும். வணிக அளவில் பிடிபட்டவருக்கு ஜாமீன் கிடைப்பது மிக அரிது. ஹெராயின் 250 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு. இவ்வளவு கடுமை இருப்பதாலேயே சட்டம் அலுவலர் மீதும் கடுமையான கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது.

அதன் 42-ஆம் பிரிவு, யார் சோதனையிடலாம், கைது செய்யலாம் என்று சொல்கிறது. மத்திய அரசின் துறைகளோடு துணை ராணுவப் படைகளையும் ஆயுதப் படைகளையும் அந்தப் பிரிவு வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. ஆக ராணுவத்தினருக்கு இந்த வேலையில் இடமே இல்லை என்பதும் தவறு, சீருடை இருந்தாலே போதும் என்பதும் தவறு. அரசு ஆணையிட்டு அதிகாரம் தர வேண்டும். அதிகாரம் பெறுபவர் பியூன், சிப்பாய், காவலர் பதவிக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். ஊர்க்காவல் படையினர் அழைக்கப்பட்டுப் பணியில் இருக்கும்போது காவலருக்குரிய பாதுகாப்பும் அதிகாரமும் பெறுவார்கள் என்பது அப்படைச் சட்டங்களின் பொதுவான ஏற்பாடு. இந்தச் சட்டத்தில் காவலருக்கே அந்த அதிகாரம் இல்லாதபோது அவர்களுக்கு எங்கிருந்து வரும்? ஆயுதப்படையின் இளம் காவலருக்கும் இதே நிலைதான்.

கிடைத்த தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். கைதும் பறிமுதலும் நடந்த விவரத்தை 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அறிக்கையாகத் தர வேண்டும். ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கும்படி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்ல வேண்டும் என்கிறது 50-ஆம் பிரிவு. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1999-இல் பல்தேவ் சிங் வழக்கிலும் 2010-இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கிலும் இந்த உரிமையை அறிவிப்பது கட்டாயம் என்று உறுதி செய்தது. கையில் இருக்கும் பைக்கு இது பொருந்தாது, உடல் சோதனைக்கே பொருந்தும் என்பது 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஒரு சோதனைச் சாவடியை எண்ணிப் பார்க்கலாம். ஆர்வக்கோளாறில் பட்டாலியன் காவலர் ஒருவர் இளைஞனின் சட்டைப்பையில் கையைவிட்டுப் பொட்டலத்தை எடுத்துவிட்டால், உண்மையான குற்றவாளியே விடுதலையாகிப் போகும் வழி திறந்துவிடுகிறது. சுற்றி நிற்கும் இருபது பேரின் உழைப்பும் அந்த ஒரு நொடியில் வீணாகிவிடும். ஊர்க்காவல் படைக்காரரையே மகஜர் சாட்சியாகக் கையெழுத்திட வைப்பதிலும் அதே ஆபத்து இருக்கிறது. அவர் போலீசின் ஆள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதாகக் கேட்டுவிடுவார்.

ஒப்புதல் வாக்குமூலத்தைப் பற்றிய முக்கியமான தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கிலிருந்தே வந்தது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் விசாரணை அதிகாரம் பெற்ற எந்தத் துறை அலுவலரும் காவல் அதிகாரியாகவே கருதப்படுவார், அவரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்றது. வேறு துறையிலிருந்து வந்த அதிகாரி என்பதற்காக விதி தளராது என்பதே இதன் சாரம்.

நாங்குநேரி வட்டாரத்து டீக்கடைகளில் பேசப்படுவதில் பாதி குட்கா, கூல் லிப் போன்ற புகையிலைப் பொருள்கள் பற்றியது. அவற்றை மாநில அரசு 2013 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே தடை செய்து வருகிறது. அவை வேறு சட்டம், வேறு தண்டனை. வலி மாத்திரைகளைப் போதைக்கு விற்பதிலும் மருந்தைப் பொறுத்துச் சட்டம் மாறும். சோதனைக்கு வரும் ரிசர்வ் படையினருக்கு இந்த வேறுபாடுகளை ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாலே பல பிழைகள் குறையும்.

கடலுக்கு வந்தால் நிலைமை வேறு. அங்கே உண்மையிலேயே மத்திய அரசின் ஆயுதப் படை ஒன்றின் கை இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள இந்தியக் கடலோரக் காவல் படைக்குக் கடலில் போதைப்பொருளை மறித்துப் பிடிக்கும் அதிகாரம் இந்தச் சட்டத்தின்படி வழங்கப்பட்டிருக்கிறது. 2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே 'ஷெனாயா துவா' என்ற இலங்கைப் படகில் சுமார் 100 கிலோ ஹெராயின் சிக்கியது. 2021 மார்ச்சில் மினிக்காய் தீவுக்கு அருகே பிடிபட்ட 'ரவிஹன்சி' படகில் 300 கிலோ ஹெராயினோடு ஐந்து ஏ.கே.-47 துப்பாக்கிகளும் இருந்தன. 2024 மார்ச்சில் மண்டபம் கடற்பகுதியில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்துடன் சேர்ந்து 99 கிலோ ஹாஷிஷ் பிடித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அந்தமான் கடலில் 5,000 கிலோவுக்கு மேல் மெத்தம்பெட்டமைன் பிடிபட்டது. நடுக்கடலில் ஸ்டேஷன் போலீசால் செய்யக்கூடியது எதுவுமில்லை. கரைக்கு அருகே மாநிலத்தின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 1994 முதல், படகுகளில் ரோந்து போகிறது. மீனவ இளைஞர்களைக் கொண்ட ஊர்க்காவல் படையும் அதற்குத் துணை. கடலில் பிடித்தவர்களும் சரக்கும் கரைக்கு வந்தவுடன் விசாரணை அமைப்பின் கைக்கு மாறுகின்றன.

நாங்குநேரி வட்டத்தில் விஜயநாராயணத்துக்கு அருகே ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படைத் தளம் 1990 முதல் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைக் கடத்தல் தடுப்போடு முடிச்சுப் போடுவதுண்டு. அது நீர்மூழ்கிக் கப்பல்களோடு தொடர்புகொள்ளும் மிகத்தாழ் அலைவரிசை வானொலி நிலையம். ஊரின் கஞ்சா வழக்குகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

துணைப்படையை அழைப்பதில் உள்ள ஆபத்துக்கு உலகம் முழுக்கச் சான்றுகள் உண்டு. 1997 மே மாதம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ரெட்ஃபோர்டு என்ற எல்லைக் கிராமத்தில் கடத்தல்காரர்களைக் கண்காணிக்க மறைந்திருந்த கடற்படைக் காலாட்படை வீரர்கள், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த 18 வயது இளைஞன் ஒருவனைச் சுட்டுக் கொன்றார்கள். ஆடுகளைக் காக்க அவன் ஒரு சிறு துப்பாக்கி வைத்திருந்தான். போருக்குப் பயிற்சி பெற்ற கண்ணுக்கு அவன் எதிரியாகத் தெரிந்தான். அதன் பிறகு எல்லையில் ஆயுதம் தாங்கிய தரைப்படைக் கண்காணிப்பு நிறுத்தப்பட்டது. இலங்கையில் 2023 டிசம்பரில் போலீசும் சிறப்பு அதிரடிப்படையும் நடத்திய 'யுக்திய' நடவடிக்கையில் சில வாரங்களில் பல்லாயிரம் பேர் கைதானார்கள். ஆதாரமில்லாத தடுப்புக் காவல், ராணுவம் நடத்தும் மறுவாழ்வு முகாம்களில் கட்டாயமாக அடைத்தல் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி, அதை நிறுத்தி மறுபரிசீலனை செய்யும்படி ஐ.நா. நிபுணர்கள் 2024 ஜனவரியில் கேட்டார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாங்குநேரிக்குக் கிழக்கே பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது சாத்தான்குளம். 2020 ஜூனில் அங்கே தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது, 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' தன்னார்வலர்கள் மீதும் புகார் எழுந்தது. அமைப்பு அதை மறுத்தது. 1993-இல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கப்பட்ட அந்த அமைப்பை 2020 ஜூலையில் தமிழ்நாடு அரசு தடை செய்தது. சட்டப்படி பொறுப்பேற்க முடியாதவர்களை ஸ்டேஷன் வேலைக்குள் விடலாமா என்ற கேள்விக்கு அதுவே அரசு சொன்ன பதில். ஊர்க்காவல் படைக்குச் சட்டமும் சீருடையும் மேலதிகாரியும் உண்டு என்பதால் அதன் நிலை வேறு. ஆனாலும் எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

இன்னொன்று, இந்த மாவட்டத்தின் நினைவு. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தின் மீது போலீஸ் தடியடி நடத்தியபோது தாமிரபரணி ஆற்றில் 17 உயிர்கள் போயின. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட சாதி வன்முறை நாட்டையே உலுக்கியது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு தெருவில் மட்டும் ஆயுதப்படை வேன் அடிக்கடி நின்றால், அந்தத் தெருக்காரர்கள் அதைக் கஞ்சா சோதனையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தகவலின் அடிப்படையில் போவதும், எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவுகோல் வைப்பதும் இங்கே மற்ற ஊர்களைவிட முக்கியம். கஞ்சா எங்கே விற்கிறது என்ற செய்தி ஊரார் வாயிலிருந்துதான் வர வேண்டும். போலீசைக் கண்டு பயப்படுகிற தெரு எதையும் சொல்லாது.

சரக்கு பிடிபட்ட பிறகும் ரிசர்வ் படைக்கு வேலை தீர்வதில்லை. ரிமாண்ட் கைதியைப் பாளையங்கோட்டை மத்திய சிறைக்கும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவருவது ஆயுதப்படை வழிக்காவல். 2022 டிசம்பரில் வந்த விதிகளின்படி, சரக்கின் பட்டியலை மாஜிஸ்திரேட் சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும். கஞ்சாவுக்கு ஒரு மாதிரி 24 கிராமுக்குக் குறையக் கூடாது, இரண்டு மாதிரிகள் வேண்டும். அதன் பின் போதைப்பொருள் அழிப்புக் குழு கூடி, எடையைச் சரிபார்த்து, எரிக்க உத்தரவிடும். தென்மாவட்டங்களில் பறிமுதலான கஞ்சாவை எரிக்கப் பயன்பட்டு வரும் இடங்களில் ஒன்று நாங்குநேரி வட்டத்திலேயே இருக்கிறது. மருத்துவக் கழிவுகளை எரிக்கும் தனியார் ஆலை அது. மூட்டைகள் அங்கே காவலோடு வருகின்றன. குழுவின் அதிகாரிகள் முன்னிலையில் எடை மறுபடி பார்க்கப்பட்டு, ஒவ்வொன்றாக உலைக்குள் போகின்றன. அழிப்புச் சான்றிதழில் கையெழுத்தான பிறகு அந்தச் சரக்குக்கான காவல் முடிகிறது.